பின்னாலேயே வந்த கணக்கு வாத்தியார்

ஸிந்துஜாவுக்குக் கண் தெரியாது என்பது சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு வாய் உண்டு என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

இருபத்துநாலு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதைச் சாக்காக வைத்து அவள் ஒரு வேலையையும் தள்ளிப்போட்டதில்லை. பி.ஏ. படித்தாள், டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தாள், வேலைக்குப் பரீட்சை எழுதினாள். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் தபாலில் உத்தரவு வந்து சேர்ந்தது. பூனாவில் ஒரு வங்கியில் வேலை. செப்டம்பர் பத்தாம் தேதி போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா பெருந்தேவி அக்காரவடிசல் பண்ணினாள். அப்பா ஸௌந்தரராஜன் இன்னும் ஒரு படி மேலே போய், அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அரக்கோணத்தில் ஏறினால் நேரே பூனா. ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு.

"ரெண்டா? அம்மாவும் வராளா?" என்றாள் ஸிந்துஜா.

"அம்மா அப்புறம் வருவா. இது உனக்கும் எனக்கும். நான்தான் ரிடையர் ஆயாச்சே. காலம்பற பேங்க்ல கொண்டு விட்டுட்டு, சாயங்காலம் அழைச்சிண்டு வந்துடறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இதென்னடி கேள்வி? நீ ரிடையர் ஆற வரைக்கும்."

அவள் ரிடையர் ஆகும்போது அப்பாவுக்குத் தொண்ணூற்றுநாலு வயது ஆகியிருக்கும். முப்பத்துநாலு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் காதைத் திருகிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

ஸிந்துஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எல்.கே.ஜி.யிலிருந்து கல்லூரி வரைக்கும் அவள் கையைப் பிடித்து நடத்தியவர் அவர்தான். அதுதான் தொல்லையே. இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கை இல்லாமல் அவள் தேரடியைத் தாண்டியது கிடையாது. பூனாவுக்கும் அந்தக் கை வந்தால், அப்புறம் பூனா என்ன, சின்ன காஞ்சிபுரம் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

"நான் தனியாப் போறேன். என்கிட்ட துரை இருக்கார்."

துரை என்பது அவளுடைய போன். சென்னையில் இருக்கும் சிநேகிதி தேவகி, அவளும் பார்வை இல்லாதவள்தான், கம்ப்யூட்டர் படித்தவள், வருஷ ஆரம்பத்தில் இந்தப் போனைத் தயார் செய்து கொடுத்தாள். பார்க்கச் சாதாரணப் பட்டன் போன். ஆனால் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகளிடம் விசாரித்து, அவள் எங்கே நிற்கிறாள் என்று போனுக்குச் சொல்லும். போன் அவள் காதில் சொல்லும். பேசுகிற குரல் ஒரு வெள்ளைக்காரனுடையது. எதையும் பதறாமல், சட்டை கசங்காமல் சொல்லும். அதனால்தான் பெருந்தேவி அதற்குத் துரை என்று பேர் வைத்தாள்.

துரைக்குத் தானாக ஒரு தெருவும் தெரியாது. காஞ்சிபுரத்தை யார் அவருக்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள்? நாமே ஒரு இடத்துக்குப் போய் நின்று, பட்டனை அழுத்தி, பேர் போட்டு வைக்க வேண்டும். அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தால், இன்ன இடம், இத்தனை மீட்டர், இன்ன மணித் திசை என்று சொல்வார். நேர் எதிரே என்றால் பன்னிரண்டு மணி. வலது கைப் பக்கம் மூன்று மணி. முதுகுக்குப் பின்னால் ஆறு மணி. எட்டு மாதமாக அப்பா கையைப் பிடித்து எங்கெல்லாம் அழைத்துப் போனாரோ அங்கெல்லாம் ஸிந்துஜா துப்பட்டாவுக்குள் போனை ஒளித்துக்கொண்டு அழுத்திக்கொண்டே போனாள். ஒரு முனை விடவில்லை. அப்பாவுக்கு இது தெரியாது. பெண் ஏதோ சிநேகிதிக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"துரையாவது, மண்ணாங்கட்டியாவது!" என்றார் அப்பா. "அது பத்து மீட்டர் முன்னே பின்னே சொல்லும்னு நீயே சொல்லியிருக்கே. பத்து மீட்டர்ல எத்தனை சாக்கடை இருக்கு தெரியுமா இந்த ஊர்ல?"

"அதுக்குத்தான் கையில குச்சி இருக்கே."

இரண்டு நாள் வீடு ரணகளமாக இருந்தது. மூன்றாம் நாள் பெருந்தேவி கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏன்னா, இப்படிக் கத்திண்டே இருந்தா எனக்குத் தலை வெடிச்சுடும். ஒரு பரீட்சை வச்சுடுங்கோ. பாஸ் பண்ணினா ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்கோ. இல்லேன்னா அவ வாயை மூடிண்டு உங்களோட வரட்டும்."

பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவின் குரலே மாறிவிட்டது. ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியும் கை ஊறிக்கொண்டிருந்தது போலும். உடனே கேள்வித்தாள் தயார். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி மாணிக்கவேல் வீட்டில் பெருந்தேவியின் ஒன்பது கஜம் புடவை தறியிலிருந்து இறங்கித் தயாராக இருந்தது. ஸிந்துஜா தனியாகப் போய் அதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆட்டோ கூடாது. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. யார் கையையும் பிடிக்கக் கூடாது.

"அவாளா வந்து என் கையைப் பிடிச்சா?"

"உதறிடணும்."

"நீங்கோ?"

"நான் ஆத்துலயே உக்காந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிண்டிருப்பேன். எனக்கென்ன வேலை?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸிந்துஜா கிளம்பினாள். கையில் வெள்ளைக் கோல், தோளில் பை, ஒரு காதில் துரை. இன்னொரு காதை ஊருக்கென்று விட்டு வைத்திருந்தாள். தேரடி வரைக்கும் காலே அழைத்துக்கொண்டு போனது. அங்கே டவுன் பஸ் வந்தது, ஏறினாள், ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இதுவரைக்கும் நூற்றுக்கு நூறு.

பஸ் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் பின்வாசல் பக்கத்திலிருந்து கண்டக்டரின் குரல் கணீரென்று கேட்டது.

"வணக்கம் சார்! நல்லா இருக்கீங்களா? நான்தான் சார், எய்ட்டி நைன் பேட்ச்! முன்னால பாப்பா உக்காந்துக்கினு இருக்குது, அதுக்கும் சேத்துக் கிழிச்சிடட்டா?"

"ஷ்ஷ்ஷ்!" என்று யாரோ பாம்பு மாதிரிச் சீறினார்கள்.

ஸிந்துஜாவுக்குக் காது சூடேறியது. சகஸ்ரநாமமா சொல்லிக்கொண்டிருக்கிறார்! அப்படியே எழுந்து திரும்பி நான்கு கேள்வி கேட்கலாமா என்று வாய் துடித்தது. கேட்டால் என்ன ஆகும்? அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். பரீட்சை அங்கேயே முடிந்துவிடும். இரண்டு டிக்கெட்டும் அப்படியே இருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மூங்கில் மண்டபம், ஒன்பது மணித் திசை, முப்பது மீட்டர் என்றார் துரை. தமிழ்ப் பேர்களைத் துரை சொல்லும் அழகைக் கேட்டால் அந்தந்த இடத்துச் சாமிக்கே கோபம் வரும். ஆனால் தப்பான இடத்தில் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அவளாகவே இறங்கினாள். இறங்கி நின்று துரையைக் கேட்டு, முகத்தைச் சரியான பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் பதினைந்து இருபது அடி தள்ளி, ஊரே அப்பாவைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தது.

"வணக்கம் சார்!" இது ஒரு டீக்கடை.

"சார், வணக்கம் சார்! செருப்ப ஏன் சார் கக்கத்துல வச்சிக்கினு போறீங்க?" இது ஒரு சைக்கிள்.

"சார், லைட்டுக் கம்பத்துக்குப் பின்னால என்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?" இது பூக்கடை.

ஸிந்துஜாவுக்கு இப்போது கோபம் போய்ச் சிரிப்பு அடக்க முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். பெற்ற பெண்ணுக்குக் கண் தெரியாது. அவளிடமிருந்து மறைந்துகொள்ள ஒரு மனிதர் கம்பத்துக்குப் பின்னால் ஒளிகிறார். காலடிச் சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக்கொள்ளும் அளவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது. ஆனால் முப்பத்துநாலு வருஷத்துப் பிள்ளைகளின் வாயைக் கழற்றி வைக்க முடியுமா?

சரி, வந்தது வந்தாயிற்று, சும்மா விடுவானேன் என்று அவளுக்குள் ஒரு குறும்பு எழுந்தது. கச்சபேஸ்வரர் கோயில் பதினொரு மணித் திசை என்றார் துரை. பிள்ளையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் திரும்பத் தேவையே இல்லை. திரும்பினாள்.

அப்பா வீர வைஷ்ணவர். சிவன் கோயில் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டார். அவள் மதில் ஓரமாகக் கோலைத் தட்டிக்கொண்டு நிதானமாக ஒரு சுற்று வந்தாள். பின்னால் வெறுங்கால்கள் சருகை மிதித்துக்கொண்டு வந்தன. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் கோயில் வாசலிலிருந்து ஒரு வெண்கலக் குரல் எழுந்தது.

"சார்! நீங்களா! என்னைத் தெரியுதா சார், திருஞானசம்பந்தம்! பிதாகரஸ் தேற்றத்துக்கு முட்டி போட வெச்சீங்களே! நம்ம ஈஸ்வரன் கோயிலுக்கு நீங்க மூணு சுத்து சுத்தறதப் பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணி வருது சார். இந்தாங்க, விபூதி எடுத்துக்கங்க!"

"இல்லேப்பா... நான் இப்போ... ஒரு அவசரமா..."

"நெத்தியக் காட்டுங்க சார், நானே இட்டுவுடறேன்!"

ஸிந்துஜா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வயிறு வலித்தது. இந்த மாதிரி சிரித்துக்கொண்டே தெருவில் நடப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூட யாரும் இல்லை. என்னடி சிரிக்கறே என்று கேட்க ஆள் இல்லை. இந்தச் சுகத்துக்காகவே பூனாவில் தனியாக இருக்க வேண்டும் போலிருந்தது.

ஒரு முனையில் யாரோ ஒரு அம்மாள் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து, "வாம்மா, கோயிலுக்குத்தானே, நான் கொண்டாந்து வுடறேன்" என்று இழுத்தாள். கண் தெரியாதவள் காலையில் வேறெங்கே போவாள் என்பது இந்த ஊரின் தீர்மானம். "இல்லைம்மா, புடவை வாங்கப் போறேன், வழி தெரியும்" என்று சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டாள். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டாள்.

பிள்ளையார்பாளையம் வந்துவிட்டதைத் துரை சொல்வதற்கு முன்பே காது சொல்லியது. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் தறிகள் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. சைக்கிள் மணி, சாயம் கொதிக்கும் வாடை. மாணிக்கவேல், பன்னிரண்டு மணி, அறுபது மீட்டர் என்றார் துரை. அவள் தெருவுக்குள் வலது ஓரமாக நுழைந்தாள். இன்னும் அறுபது மீட்டர். அப்புறம் ஒரு டிக்கெட் போதும்.

இருபது அடி போயிருப்பாள். சோற்றுக் கஞ்சி வாடை அடித்தது. எதிரும் புதிருமாக நிறைய பேர் நிற்கிற மாதிரி பேச்சுக் குரல்கள். இடது பக்கம் வீசிய கோல் மூங்கிலில் டக்கென்று இடித்தது. அந்த இடத்தில் மூங்கில் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"பாப்பா! அப்டியே நில்லு! பாவு கட்டியிருக்குது!" என்று ஒரு பெண் குரல் அலறியது.

அட ராமா! துரைக்குள் இந்தத் தெருவைப் பேர் போட்டு வைத்தது ஒரு சாயங்காலம். சாயங்காலத்தில் தெரு தெருவாக இருக்கும். காலையில் வெயில் ஏறும் முன் இது தெருவே இல்லை. புடவைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளை, ஆயிரக்கணக்கில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களை முட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. மூன்று புடவைக்கான பட்டு அதில் இருக்கும். ஒரு குழந்தைகூட அதன் கிட்டே ஓடாது. சாட்டிலைட்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? துரை பாட்டுக்குப் பன்னிரண்டு மணி, பன்னிரண்டு மணி என்றுகொண்டிருந்தார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். உடனே நினைவு வந்தது. அப்பா! அவர் தெருவைப் பார்த்து நடக்கிறவர் இல்லையே இன்றைக்கு, அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டல்லவா வருகிறார்! எச்சரிக்கத்தான் நினைத்தாள். பரீட்சை போனால் போகட்டும் என்று சட்டென்று திரும்பி வாயைத் திறந்தாள்.

"அப்—"

பெண் திரும்பியதைப் பார்த்தாரோ இல்லையோ, அப்பா ஒளிந்துகொள்ள ஒரே தாவாகத் தாவினார். லைட்டுக் கம்பம் பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பட்பட்பட்டென்று இழைகள் அறுந்தன. மூங்கில் ஒன்று சடாரென்று சாய்ந்தது.

"அடப்பாவி மனுசா! கண்ணு தெரியல உனுக்கு?" மாணிக்கவேலின் மனைவி காந்தாவின் குரல்தான் அது. "கண்ணு தெரியாத பொண்ணே கரெக்டா நின்னுடுச்சி, நீ வந்து பொத்துனு வுழறியே! சொமந்துக்கினு போயி எங்கியாவது வையுங்க இந்த ஆள!"

"ஏய், ஏய், கத்தாத! சாரு!" என்று மாணிக்கவேல் ஓடி வந்தான். "ஐயோ சார், நீங்களா? நெத்தியில என்னா சார், விபூதி?"

ஸிந்துஜா கோலைத் தட்டிக்கொண்டு அப்பா இருந்த இடத்துக்குப் போனாள். சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அடி பட்டுதாப்பா?" என்று கேட்டாள்.

"அடி இல்லேடி. கண்ணாடிதான் போச்சு."

மூங்கில் கால் அதன் மேலேயே விழுந்திருந்தது. எட்டு பவர் கண்ணாடி. அது இல்லாவிட்டால் அப்பாவுக்கு முன்னால் நிற்பது மாடா மனுஷனா என்று தெரியாது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் தெரு முழுக்க அந்தப் பாவின் மேல் குனிந்திருந்தது. அறுந்த ஒவ்வொரு இழைக்கும் ஜோடி முனையைத் தேடிப் பிடித்து முறுக்கி இணைக்க வேண்டும், கஞ்சி காய்வதற்குள். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் கேட்காமலே வந்து நின்றுகொண்டார்கள். அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சில சமயம் தண்ணீர்ப் பானையிடமும் சொன்னார்.

"வுடுங்க சார், எரநூறு எழதான். சரியாப் பூடும்" என்றான் மாணிக்கவேல்.

"உனுக்கு வாத்தியாருன்னா எனுக்கென்னா?" என்றாள் காந்தா, இழையிலிருந்து கையெடுக்காமல். "ஏன் சார், பொண்ணு கூட வரதுன்னா கூட வரணும். வரலேன்னா வூட்ல இருக்கணும். இது என்னா நடுவுல ஒரு வரது?"

அப்பா இன்னொரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஸிந்துஜாவுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. ஆனாலும் காந்தா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்றுவதற்கில்லை என்றும் தோன்றியது.

கடைசி இழையை இணைத்து முடித்த பிறகு காந்தாவே உள்ளே போய் ஒன்பது கஜத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து ஸிந்துஜாவின் பையில் வைத்தாள். மாணிக்கவேல் ஆட்டோ கூப்பிடக் கிளம்பினான்.

"அப்பா ஆட்டோல போகட்டும்" என்றாள் ஸிந்துஜா. "எனக்குப் பரீட்சை இன்னும் முடியலே. திரும்பிப் போறது பாக்கி இருக்கு."

அப்பா முக்காலியிலிருந்து எழுந்தார்.

"நானும் உன்னோடயே வரேன். கையைக் குடு."

"யார் கையையும் பிடிக்கப்படாதுன்னு ரூல்."

"அடிப் போடி!"

"நீங்கோ என் தோளைப் பிடிச்சுக்கலாம். அதுக்கு ரூல் இல்லே."

கிளம்பினார்கள். தோளின் மேல் அப்பாவின் கை முதலில் சும்மா பட்டுக்கொண்டிருந்தது. முதல் முனையில் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, வலது பக்கம் சாக்கடை. எட்டி வைங்கோ."

வைத்தார்.

"இப்போ எங்கே இருக்கோம்?"

"ரேஷன் கடை தாண்டியாச்சு."

"இப்போ?"

"அதே இடம்தான். ரெண்டு அடிதானே வச்சேள்."

"எதிர்ல என்னமோ பெரிசா வரதே?"

"லாரி. நின்னுண்டிருக்கு. வரலே."

பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின சாலையைக் கடக்க நின்றபோது அப்பாவின் கை வேர்த்திருப்பது சுடிதார் துணியைத் தாண்டி அவளுக்குத் தெரிந்தது.

"பயமா இருக்குடி" என்றார் அப்பா. இதுவரைக்கும் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. "எங்கேர்ந்து எது வந்து இடிக்கும்னே தெரியலியே. நீ எப்படி இதுல நடக்கறே?"

"பயந்துண்டேதான் நடக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். உங்க கையைப் பிடிச்சிண்டு நடந்தபோதும் பயம்தான் அப்பா. நீங்கோ எப்போ நிப்பேள், எப்போ திரும்புவேள்னு தெரியாது. இன்னிக்கு அந்த ஒரு பயம் குறைச்சல்."

ஒரு பஸ் நின்று வழிவிட்டது. கடந்தார்கள். டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. காலையில் பார்த்த அதே கண்டக்டர். சாரின் கோலத்தைப் பார்த்துவிட்டு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். துரை ஒவ்வொரு இடமாகச் சொல்ல, ஸிந்துஜா அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அச்சகம், சைக்கிள் கடை, தபாலாபீஸ். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், பாதி வழியில் கேட்டார்.

"இதெல்லாம் எப்போ போட்டே?"

"நீங்கோ அழைச்சிண்டு போனபோதுதான்."

"என்னோட வந்துண்டேவா?"

"உங்களோட வந்துண்டேதான்."

அப்பா வாய்க்குள் ஏதோ முனகினார். கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

தேரடியில் இறங்கி நடந்தார்கள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. அப்பாவின் வெறுங்கால்கள் தத்தித் தத்தி வந்தன. செருப்பு பிள்ளையார்பாளையத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

"துரையைக் கேளு, ஆத்துக்கு இன்னும் எத்தனை மீட்டர்?"

"அவருக்குத் தெரியாது."

"ஏன்? எல்லாம் போட்டிருக்கேன்னியே?"

"ஆத்தை எதுக்குப்பா போடணும்?" ஸிந்துஜா சாதாரணமாகத்தான் சொன்னாள். "தொலைஞ்சு போற இடத்தையெல்லாம்தான் போட்டு வச்சேன். நம்மாத்துக்கு வரதுக்கு எனக்கு மெஷின் வேணுமா என்ன?"

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்றும் கேட்கவில்லை. அவள் படி என்றால் ஏறினார், பள்ளம் என்றால் தாண்டினார்.

வாசலில் பெருந்தேவி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள் போலிருக்கிறது.

"ஏன்னா, காய்கறி வாங்கப் போறேன்னு போனேள். கண்ணாடி எங்கே? செருப்பு எங்கே? நெத்தியில... பெருமாளே! அது என்ன விபூதியா?"

"எல்லாம் அப்புறம் சொல்றேன்" என்றார் அப்பா. "பீரோவிலேர்ந்து அந்த டிக்கெட்டை எடு."

பெருந்தேவி எடுத்துக்கொண்டு வந்தாள். கேன்சல் பண்ணுகிற பாரத்தை அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். பேர், வயது, வண்டி நம்பர், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பெருந்தேவி அவர் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. மடித்து, தானே தடவிப் பார்த்து ஸிந்துஜாவின் கையில் வைத்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஸ்டேஷன் கவுண்டர் ரெண்டு மணி வரைக்கும்தான். என் டிக்கெட்டை நீயே போய் கேன்சல் பண்ணிண்டு வா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ஆமாமாம், கண்ணாடி இல்லாம நீங்கோ எப்படிப் பின்னால வருவேள்?"

சீண்டத்தான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை.

"கண்ணாடி இருந்தாலும் வரமாட்டேன்."

அந்தக் குரலில் வாத்தியார் இல்லை. ஸிந்துஜா அம்மா கொடுத்த மோரைக் குடித்தாள். காகிதத்தைப் பையின் உள் ஜிப்பில் வைத்து, மூடி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருமுனையில் கொஞ்சம் நின்றாள். பின்னால் யாரும் வரவில்லை. இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்திச் சண்டை போட்டுக் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து அழுகை வேறு வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்கத் தேரடிப் பக்கம் வேகமாக நடந்தாள்.